ரசமா, களியா, கூழா: குளிருக்கு உங்கள் வீட்டு அடுப்பில் ஏறுவது எது?

1. மலையேறியவள் (உதகை)

மதுரையிலிருந்து மாற்றலாகி உதகைக்கு வந்திருக்கிறேன். டிசம்பர் பாதியிலிருந்தே தலைகுந்தாப் பக்கம் காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பைக் சீட்டில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புகிறார். மதுரையில் நாங்கள் குளிர்காலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கும் காலத்தை.

கஷாயம், லேகியம், சளிக்கு எது, இருமலுக்கு எது என்ற பட்டியல் தயவுசெய்து வேண்டாம். அதற்கு என் மாமியார் இருக்கிறார். எனக்கு வேண்டியது மருந்தல்ல, சாப்பாடு. வெளியே குளிருகிறது, பசிக்கிறது, ஒரு தட்டு கையில் வந்ததும் மனம் ஆறிவிடுகிறது. அப்படி உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்?

2. அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? வெண்பொங்கல். மார்கழி விடியற்காலையில் கோயிலில் தொன்னையில் வாங்கித் தின்றவர்களிடம் வேறு பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு பங்கு பச்சரிசிக்கு அரைப் பங்கு பாசிப்பருப்பு. பருப்பை வாசனை வரும்வரை வெறும் வாணலியில் வறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும், குழைய வேண்டும். நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, முந்திரி. மிளகு முழுதாகத்தான் இருக்க வேண்டும். பொடித்த மிளகைத் தூவி அதைப் பொங்கல் என்று சொல்லும் ஓட்டல்கள் பெருகிவிட்டன. அது மிளகுக் கிச்சடி.

மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லிக்கு அக்காரவடிசில். முழங்கை வழியாக நெய் வழிய வேண்டும் என்று ஆண்டாளே அளவு சொல்லிவிட்டாள். நெய்யைக் கரண்டிக் கணக்கில் அளப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

3. கொங்குத் தங்கை (பொள்ளாச்சி)

அண்ணா, உங்கள் முழு மிளகு கடைசியில் இலை ஓரத்தில் வரிசையாகத்தான் கிடக்கும். எங்கள் வீட்டில் ஒன்றிரண்டாகத் தட்டித்தான் போடுவோம். ஒருவர்கூடப் பொறுக்கி வைப்பதில்லை.

என் ஓட்டு கொள்ளுக்கு. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். நான் இரண்டாம் பாதி, வெட்கமில்லை. இரவே ஊறவைத்து, மறுநாள் குக்கரில் வேகவைத்து, தண்ணீரைத் தனியாக வடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீர்தான் ரசம். வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மல்லி விதை, வரமிளகாய் வதக்கிச் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் கொள்ளுப் பருப்பு. சுடச்சுடச் சோறு, அதன் மேல் பருப்பு, நல்லெண்ணெய் ஒரு கரண்டி. ஒரே தானியம், இரண்டு குழம்பு. அடுப்பு எரிவதும் ஒரு முறைதான்.

அதற்கும் சோம்பலாக இருக்கும் நாளில் அரிசிம்பருப்புச் சோறு. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு எல்லாம் ஒரே குக்கரில். மேலே நெய், பக்கத்தில் அப்பளம் அல்லது ஊறுகாய். கோவைப் பக்கத்துப் பிள்ளைகளை எந்த ஊர் விடுதியில் கொண்டுபோய் விட்டாலும் முதல் மழை நாளில் கேட்பது இதைத்தான்.

4. மெரினாக் காற்று (சென்னை)

மிளகாய் பஜ்ஜி, இஞ்சி டீ. நேற்று இரவு இங்கேயும் நல்ல குளிர், 22 டிகிரி.

5. கொங்குத் தங்கை

22 டிகிரியா! கம்பளி ஏதாவது அனுப்பட்டுமா?

6. இயற்பியல் வாத்தியார் (குன்னூர், ஓய்வு)

உதகைக்குப் புதிதாக வந்தவர் என்பதால் சமையலுக்கு முன் ஒரு கணக்கு. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் அங்கே ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. கொதிக்கிறதே என்று துவரம்பருப்பின் முன்னால் காத்திருந்தால் மதியச் சாப்பாடு மாலைக்குத்தான்.

குக்கர் வைத்தாலும் மதுரைக் கணக்கு செல்லாது. குக்கரின் வெயிட், வெளிக்காற்றை விட இவ்வளவு அழுத்தம் கூடினால் எழும்பு என்ற கணக்கில் செய்யப்பட்டது. வெளியே அழுத்தம் குறைவாக இருந்தால் உள்ளேயும் அந்த அளவுக்குக் குறைவுதான். ஆகவே வழக்கத்தை விட இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். கொள்ளு, ராஜ்மா, கொண்டைக்கடலை என்றால் இன்னும் கூட.

ஆனால் ரசத்துக்கு இந்த ஊர் எந்தக் குறையும் வைக்கவில்லை. ரசம் தளதளவென்று கொதிக்கவே கூடாது. நுரை கட்டி ஓரம் எழும்பியதும் இறக்கிவிட வேண்டும். அந்தப் பக்குவத்துக்கு 92 டிகிரி தாராளம். என் கட்சி மிளகு ரசம். புளி குறைவாக, பூண்டு தோலோடு நசுக்கி, மிளகும் சீரகமும் அப்போதே அம்மியில் தட்டி. சாதத்தில் ஊற்றுவதற்கு முன் ஒரு டம்ளர் தனியாக.

7. மலையேறியவள்

ஐயா, நன்றி! மூன்று வாரமாகக் குக்கரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். புது காஸ்கெட் கூட வாங்கியாயிற்று.

அப்படியே இன்னொரு குறையையும் தீர்த்து வையுங்கள். இட்லி மாவு எழும்ப மறுக்கிறது, தயிர் உறைய மறுக்கிறது. இரவு ஊற்றிய உறை காலையில் பாலாகவே இருக்கிறது.

8. இயற்பியல் வாத்தியார்

நுண்ணுயிர்களுக்கும் குளிரும் அம்மா. பெரிய அண்டாவில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டு, அதன் நடுவே மாவுப் பாத்திரத்தை இறக்கி, அண்டாவை மூடி, பழைய கம்பளியால் சுற்றிவிடுங்கள். தூங்கப் போகும் முன் வெந்நீரை ஒரு முறை மாற்றினால் போதும். தயிருக்குப் பாலை வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் எடுத்து, உறையும் ஒரு கரண்டி கூடுதலாக விட்டு, பாத்திரத்தை அரிசி டின்னுக்குள் புதைத்துவிடுங்கள். அரிசி சூட்டை வெளியே விடாது.

9. வல்லைவெளி (ஸ்காபரோ, கனடா)

உறைபனியைப் பைக் சீட்டிலிருந்து சுரண்டுகிறார்கள் என்று வாசித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள் தங்கச்சி. இங்கே ஜனவரியில் காரைத் தோண்டி எடுக்கத் தனியாக ஒரு சவல் வைத்திருக்கிறோம்.

எங்களுக்குக் குளிர் என்றால் ஒடியல் கூழ். யாழ்ப்பாணத்தில் மார்கழி மழைக்குக் குடித்த சாமான், இங்கே பனிப்புயலுக்குக் குடிக்கிறோம். தெரியாதவர்களுக்கு: பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்தால் வருவது பனங்கிழங்கு. அதை அவிக்காமல் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அது கடித்துத் தின்பதற்கு. கூழுக்கு வேண்டியது ஒடியலை இடித்து எடுத்த மா.

முதலில் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிகிற தண்ணீரை வடித்து ஊற்றிவிட வேண்டும். கசப்பு அதோடு போகும். இதில் அவசரப்பட்டவர்களின் கூழைத்தான் மற்றவர்கள் "கைக்குது" என்று தள்ளி வைக்கிறார்கள். பெரிய சட்டியில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளித் துண்டு. அவை பாதி அவிந்ததும் மீன் தலை, நண்டு, இறால், கணவாய். எல்லாம் அவிந்த பிறகு செத்தல் மிளகாய் அரைத்த கூட்டு, பழப்புளி, ஊறின மா மூன்றையும் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் துழாவ வேண்டும். இறக்குகிற நேரம் முருங்கையிலை. கரண்டியை நிமிர்த்தினால் மெதுவாக வழிகிற பதம்.

ஒருத்தருக்கு மட்டும் என்று கூழ் காய்ச்சவே முடியாது. மீனும் நண்டும் இவ்வளவு வகை வாங்கினால் சட்டி தானாகப் பெருத்துவிடும். பனி கொட்டுகிற சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் சட்டி ஏறும், மற்றவர்கள் நண்டோ கணவாயோ கொண்டுவந்து சேருவார்கள். பிலாவிலையை, அதாவது பலா இலையை, கோலிக் குடிக்க வேண்டும். இங்கே இலைக்கு வழியில்லை, காகிதக் கோப்பைதான். அந்த ஒன்றில் மட்டும் நான் இன்னும் சமாதானமாகவில்லை.

10. மெரினாக் காற்று

ஒரே சட்டியில் மீன், நண்டு, இறால், கணவாய், பலாக்கொட்டை. பஜ்ஜியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

11. கரோல் பாக் பழசு (டெல்லி)

டெல்லிக் குளிரை ஆல்ப்ஸ் மலைக் குளிரோடு ஒப்பிட மாட்டேன். ஆனால் ஜனவரி இரவு நான்கு, ஐந்து டிகிரிக்கு இறங்கும்போது வீட்டுக்குள் சூடாக்கும் வசதி எதுவும் இருக்காது. மொசைக் தரையில் காலை வைத்தால் பல் கிட்டும். வெளிநாட்டுக்காரர்களுக்கு வெளியே குளிர், எங்களுக்கு உள்ளேயும்.

இந்தக் காலத்துக்கென்றே வரும் சிவப்புக் கேரட் இருக்கிறது. தெற்கில் கிடைக்கும் ஆரஞ்சு நிறக் கேரட்டில் செய்தால் அந்த அல்வா வராது, நிறமும் வராது, ஈரச் சுவையும் வராது. துருவி, பாலில் மெதுவாக வேகவிட்டு, பால் முழுதும் சுண்டிய பிறகுதான் சர்க்கரை, பிறகு நெய். சர்க்கரையை முன்னாலேயே கொட்டினால் தண்ணீர் விட்டுக்கொண்டு மணிக்கணக்கில் கிளற வைக்கும். கடுகுக் கீரை மசியலும் மக்காச்சோள ரொட்டியும் இதே பருவத்துக்கு உரியவை. மேலே ஒரு கட்டி வெண்ணெய்.

ஒரு விசித்திரமும் சொல்கிறேன். பழைய டெல்லிச் சந்துகளில் தௌலத் கி சாட் என்று ஒன்று குளிர்காலத்தில் மட்டும் விற்பார்கள். பாலைக் கடைந்து எடுத்த வெறும் நுரை, குங்குமப்பூ நிறம், மேலே சர்க்கரைத் தூளும் பிஸ்தாவும். வெயில் ஏறினால் நுரை அமுங்கிவிடும், அதனால் குளிரில்தான் நிற்கும். சில்லென்று இருக்கும். நடுங்கிக்கொண்டே வரிசையில் நின்று அதைத் தின்கிறோம். குளிருக்குச் சூடுதான் வேண்டும் என்று இந்த இழையில் அத்தனை பேரும் எழுதியிருப்பதால் சொன்னேன்.

இதை விட வெட்கக்கேடு: ஐந்து டிகிரியிலும் இரவு எனக்குத் தயிர் சாதம் வேண்டும்.

12. அரசலாற்றங்கரை

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சாதம் சூடாக இருக்க, பாலும் கொஞ்சம் தயிரும் விட்டுப் பிசைந்தால் குளிரில் புளிக்காமல் அப்படியே நிற்கும். வெயில் காலத் தயிர் சாதத்தை விட இதுதான் ருசி.

13. எல்லைச்சாமி (வேலூர், முன்னாள் ராணுவம்)

ஸ்ரீநகரில் பணியில் இருந்தபோது ஹரீஸா தின்றிருக்கிறேன். டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் கடுங்குளிருக்கு அங்கே சில்லை கலான் என்று பெயர். ஆட்டுக்கறியையும் அரிசியையும், அடுப்பில் பதித்த பெரிய பானையில் இரவெல்லாம் வேகவிட்டு, எலும்பை நீக்கி, மரக்கட்டையால் மசிப்பார்கள். விடியற்காலையில் கடை திறக்கும். தட்டில் வைத்து, புகை பறக்கும் எண்ணெயை மேலே ஊற்றி, ரொட்டியோடு தருவார்கள். காலை ஒன்பது மணிக்குப் போனால் காலிப் பானைதான். அதைத் தின்ற பிறகு மதியச் சாப்பாடு பற்றி நினைப்பே வராது. கோடையில் யாரும் விற்பதுமில்லை, கேட்பதுமில்லை.

சூட்டுக்கு வேறு ஒன்றும் ராணுவத்தில் தருவார்கள். இங்கே அதைப் பற்றி எழுதினால் நிர்வாகி நீக்கிவிடுவார்.

14. இயற்பியல் வாத்தியார்

நீக்க வேண்டாம், பதில் இருக்கிறது. ரம் குடித்தால் தோலுக்கடியில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளே இருந்த சூடு தோலுக்கு வருகிறது, நமக்குக் கதகதப்பாகத் தெரிகிறது, பிறகு அந்தச் சூடு வெளியே போய்விடுகிறது. உடம்பின் உட்சூடு உண்மையில் இறங்குகிறது.

மிளகு, மிளகாய் விஷயமும் கொஞ்சம் அப்படித்தான். சூட்டை அறிவதற்கென்று நாக்கிலும் வாயிலும் இருக்கும் அதே நரம்பு முனைகளைத்தான் மிளகாயின் காரமும் மிளகின் காரமும் தூண்டுகின்றன. மூளை சூடு என்று வாசித்துக்கொள்கிறது. வியர்த்துவிட்டால் குளிர்ச்சிதான் மிச்சம். நிஜமாகவே சூட்டைத் தாங்கி நிற்பது கெட்டியான உணவு. ரசம் டம்ளரில் சீக்கிரம் ஆறும். கூழும் பொங்கலும் களியும் உள்ளே புரளாமல் இருப்பதால் மெதுவாக ஆறும். மேலே நெய் மிதந்தால் ஆவி பறப்பதும் குறையும்.

15. அரசலாற்றங்கரை

ஆக, அறிவியல்படியும் பொங்கல்தான் வென்றது.

16. வல்லைவெளி

கூழ் என்றுதான் முதலில் எழுதியிருக்கிறார், வடிவாக வாசியுங்கள்.

17. வடகடல் (ஓஸ்லோ)

நார்வேக்காரர்கள் மிளகை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று சொன்னால் கும்பகோணத்தாருக்குப் பிடிக்கும். ஃபோரிகால் என்று ஒரு குழம்பு. எலும்போடு ஆட்டுக்கறி, பெரிய துண்டுகளாக முட்டைக்கோஸ், உப்பு, முழு மிளகு, தண்ணீர், சிலர் கொஞ்சம் மாவு. வேறொன்றும் கிடையாது. அடுக்கடுக்காக வைத்து இரண்டு, மூன்று மணி நேரம் மெல்லிய தீயில் வேகவிடுவார்கள். அவித்த உருளைக்கிழங்கோடு சாப்பிடுவது. 1972இல் வானொலி நிகழ்ச்சி ஒன்று இதை நாட்டின் தேசிய உணவாகத் தேர்ந்தெடுத்தது, 2014இல் மறுபடி வாக்கெடுப்பு வைத்தபோதும் இதுதான் வந்தது. இலையுதிர் காலத்தில் ஆட்டுக்கறி வரத்து கூடும்போது ஆரம்பித்து, குளிர் முழுதும் ஓடும்.

முதலில் தின்றபோது யாரோ மசாலா போட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இப்போது மறுநாள் சூடாக்கிய ஃபோரிகாலுக்கு நான் அடிமை. மிளகைத் தட்டின் ஓரம் ஒதுக்குவது இங்கும் வழக்கம்தான் அண்ணா, வருத்தப்படாதீர்கள்.

18. ஹட்டிக்காரன் (கோத்தகிரி)

உதகைக் குளிருக்கு என்ன தின்பது என்று ஒருவர் கேட்கிறார். கும்பகோணம், கனடா, டெல்லி, நார்வே எல்லோரும் பதில் சொல்லியாயிற்று. இந்த மலையில் பிறந்த யாரையும் யாரும் கேட்கவில்லை.

நான் படுகன். எங்கள் வீட்டில் குளிருக்கென்று தனிச் சாப்பாடு கிடையாது, ஏனென்றால் எங்களுக்கு வருஷத்தில் பாதி குளிர்தான். கேழ்வரகுக் களி, உலர்ந்த அவரைக் கொட்டையை ஊறவைத்துச் செய்த கெட்டிக் குழம்பு. அதில் உருளைக்கிழங்கும் விழும். களியில் குழி செய்து நெய்யோ வெண்ணெயோ. இந்த உருளைக்கிழங்கு, கேரட், கோஸ் எல்லாம் 1820களில் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் இந்த மலையில் பயிரிட வைத்த பிறகு பெருகியவை. அவரையும் கேழ்வரகும் சாமையும் அதற்கு முன்பே எங்கள் நிலத்தில் இருந்தவை.

நகரத்தில் எல்லோருக்கும் உறைபனி என்றால் செல்பி. எங்களுக்குத் தேயிலைக் கொழுந்து கருகும், உருளைச் செடி கருகும். செடிகளைக் காய்ந்த புல்லால் மூடுகிறோம், விடியலில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறோம். அந்த வேலை முடித்துவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்து தின்கிற களிக்குத்தான் நான் ஓட்டுப் போடுவேன். அக்கா, உதகை மார்க்கெட்டில் உலர்ந்த அவரைக் கொட்டை கேளுங்கள், தருவார்கள். இரண்டு விசில் போதாது, ஐயா சொன்னது சரி.

19. மலையேறியவள்

தம்பி, உங்களைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நேற்று அவரைக் கொட்டை வாங்கிவந்து ஆறு விசில் விட்டேன். வெண்ணெயாய் வெந்துவிட்டது. களி மட்டும் கட்டி தட்டுகிறது. மாவை எப்போது கொட்டுவது?

வல்லைவெளி அண்ணா, ஒடியல் மா இங்கே எங்கே கிடைக்கும்? பனங்கிழங்கு பொங்கல் சமயத்தில் மலையடிவாரத்துச் சந்தைக்கு வரும். அதை வாங்கிக் காயவைத்துப் பார்க்கலாமா?

20. ஹட்டிக்காரன்

தண்ணீர் கொதிக்கும்போது மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிளறாதீர்கள். மூடி வைத்துச் சிறு தீயில் விடுங்கள், மாவின் ஓரமெல்லாம் குமிழி விடும். அதன் பிறகு இறக்கி, பாத்திரத்தைக் காலால் பிடித்துக்கொண்டு கட்டையால் ஒரே பக்கமாக அழுத்திக் கிண்டுங்கள். கை வலித்தால் களி சரியாக வருகிறது என்று அர்த்தம்.

21. வல்லைவெளி

காயவைக்கலாம் தங்கச்சி, ஆனால் உதகையில் வேண்டாம். அந்த ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடித்துவிடும். மதுரையில் அம்மா வீட்டு மொட்டை மாடி இருக்கிறதுதானே? கிழங்கை அவிக்காமல் நீளமாகக் கிழித்து, கொடியில் பரப்பி, ஒடித்தால் படக்கென்று முறிகிற வரைக்கும் வெயிலில் விடச் சொல்லுங்கள். பிறகு எந்த மாவு மில்லிலும் அரைத்துத் தருவார்கள். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

22. அரசலாற்றங்கரை

மார்கழித் திருவாதிரை வருகிறது. களி என்றதும் எல்லோரும் கேழ்வரகுக்குப் போய்விட்டீர்கள். பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் சிவக்க வறுத்து ரவையாக உடைத்து, வெல்லப்பாகில் வேகவைத்து, தேங்காயும் நெய்யும் ஏலக்காயும் சேர்த்த திருவாதிரைக் களிக்கு யாரும் ஓட்டுப் போடவில்லையா? கூடவே ஏழு காய் போட்ட கூட்டு. இனிப்பையும் புளிப்பையும் ஒரே வாயில் தின்கிற துணிச்சல் வேறு எந்த ஊரில் இருக்கிறது?

23. மெரினாக் காற்று

அதற்கு என் ஓட்டு. முந்திரி மட்டும் முழுதாக வேண்டும், மிளகு பற்றிக் கருத்து இல்லை.

24. கொங்குத் தங்கை

மலையேறியவள் அக்கா, கொள்ளு செய்தால் ஒன்று கவனியுங்கள். உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் இரவெல்லாம் போட்டாலும் சரியாக ஊறாது. வெந்நீரில் ஊறவைத்து மூடி, வாத்தியார் சொன்ன அந்தக் கம்பளிக்குள்ளேயே இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.